செல்வி எழுதிய ஐந்து ஊர்கள்

ஆகஸ்ட் 9, 2004. திங்கள்.

தலைவலி இன்னும் விடவில்லை. கண்ணை மூடினால் செல்வியின் முகம்தான் வருகிறது.

பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றிக் கவிதை எழுதச் சொல்லியிருந்தேன். என் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். நன்றாக எழுதுவார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் பிரிவே, கண்ணீரே என்று ஒரே மாதிரி எழுதி நீட்டினார்கள். யார் சொல்லிக்கொடுத்ததோ. நானாகத்தான் இருக்கும்.

செல்வி மட்டும் வெறும் ஊர்ப்பெயர்களை எழுதியிருந்தாள். திருப்பூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், கடைசியில் எங்கள் தாடிக்கொம்பு.

எனக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏ புள்ள, இது கவிதையா, பஸ் போர்டா? அதையும் தலைகீழா எழுதி வச்சிருக்க. இங்கருந்து போனா மொதல்ல திண்டுக்கல்லுதான வரும்?"

சொல்லிக்கொண்டே சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு வரிசையைத் திருத்தினேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா போன வழி இல்ல டீச்சர். திரும்பி வார வழி."

 தாளை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பொங்கலுக்கே அவள் அம்மா திருப்பூரிலிருந்து வரவில்லை.

தாள் இப்போது என் முன்னால் கிடக்கிறது. அம்மாவை ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தாள் பிள்ளை. நான் அம்புக்குறி போட்டு மறுபடியும் திருப்பூருக்கே அனுப்பிவிட்டேன்.