மேஜையில் இரண்டு தட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஒரே வீட்டில், நாலு நாளாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டே சுகமாக இருங்கள். ஏன் போனை எடுக்கவில்லை என்று கோபத்தில் இருப்பாய். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா மறுபடி பஸ் ஓட்டப் போகிறார் என்று நீ எல்லோரிடமும் சொல்லிவைத்தாயே, அது நின்றுபோயிற்று. நிறுத்தியது நான்தான்.

டிப்போவில் வழுக்கி விழுந்து அவருக்குத் தலையில் அடிபட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. கை கால் எல்லாம் சரியாகிவிட்டது, யோசனைதான் மெதுவாகிவிட்டது. டீ வேண்டுமா என்று கேட்டால் பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும். மூளையின் வேகத்துக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் எதற்கெடுத்தாலும் "இன்னொரு தடவை" என்பாள், நாங்கள் அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டோம். வீட்டிலும் தினம் நாற்பது நிமிடம், நீ அனுப்பிய டேப்லெட்டில். திரையில் கார் வந்தால் தொட வேண்டும், லாரி வந்தால் தொடக் கூடாது, சரியாகச் செய்யச் செய்யப் படம் இன்னும் வேகமாக வந்து மறையும். முதல் மாதம் நூற்றுக்கு முப்பதைத் தாண்டவில்லை, மனுஷர் டேப்லெட்டைத் தூக்கி எறியப் போனார். தெம்பாக இருக்கட்டும் என்று நான் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன், வீட்டிலும் சரி, அவளிடம் போகும்போதும் சரி. ஐம்பது, எழுபது, தொண்ணூறு என்று ஏறியது. உனக்குப் படம் எடுத்து அனுப்பினேனே, அந்த எண்கள்தான். இன்னொரு தடவையே வாயைப் பிளந்துவிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு முன் வலது கையில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு விரல்களைத் துணியால் சுற்றியிருந்தேன். அன்று அவர் எடுத்தது முப்பத்தெட்டு. தூக்கம் போதவில்லை என்றார், நானும் நம்பினேன். கட்டைப் பிரித்த அன்று மறுபடி தொண்ணூறு. குனிந்து பார்த்தால் என் மோதிர விரல் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறது, காருக்கு இரண்டு தட்டு, லாரிக்கு ஒன்று. அவர் ஓட்டிய பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்து, தகரத்தில் ஒன்று தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ என்று பழகின கை, வேலையை விட்டு மூன்று வருஷமாகியும் மறக்கவில்லை. எனக்கே தெரியாமல் தட்டியிருக்கிறேன், அவரும் தெரியாமலே கேட்டுத் தொட்டிருக்கிறார். மறுநாள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பதுதான் வந்தது.

தெரிந்த பிறகும் ஆறு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சீருடையைத் தானே இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருந்தார், டிப்போவில் அவருடைய வண்டியைக் கழுவித் தயாராக நிறுத்தியிருந்தார்கள், நான் எந்த முகத்தோடு சொல்வேன் சொல்லு. வியாழக்கிழமை டிப்போ டாக்டர் அந்த எண்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். எனக்குக் காலை எட்டு மணி நெரிசல் கண் முன்னால் வந்தது, படிக்கட்டில் பள்ளிப் பிள்ளைகள், குறுக்கே ஒரு சைக்கிள், தட்டுவதற்கு நான் அங்கே இல்லை. கையெழுத்துப் போடாதீங்க என்று கத்தியேவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் பேனாவை மூடினார். வெளியே வந்து அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "அந்த ஆளு முன்னாடியா சொல்லுவ? என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல."

இன்று காலை டேப்லெட்டோடு மேஜைக்கு வந்தார். வழக்கம்போல நாற்காலியை இழுத்தேன். நீ உள்ள போ, கதவைச் சாத்து என்றார். நாலு நாளில் அதுதான் முதல் பேச்சு. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். தப்பாகத் தொட்டால் அந்தச் சனியன் பீப் பீப் என்று கத்தும், ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை ஒரு சத்தமும் இல்லை, எறிந்துவிடுவாரோ என்று பயந்தேன், மறுபடி தொடங்கினார். நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தார். அப்புறம் நாற்காலி நகர்ந்தது. கதவைத் திறக்காமலே வெளியில் நின்று இரண்டு தட்டுத் தட்டினார். நாற்பத்தொன்று என்றார், முழுக்க அவருடையது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும், ஈரத் தரையில் பார்த்து நட. திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவருக்குப் போன் செய். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ கேட்டதற்கு அவர் பதில் சொல்ல நேரமாகும், அவசரக்காரி நீ, வார்த்தையை எடுத்துக்கொடுக்காதே. அந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றாலும் வைத்துவிடாதே, அவர் வந்துகொண்டுதான் இருப்பார்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகும்
உன் அம்மா