விரிசலின் மேல் கறுப்புப் பெயிண்ட்

25.8.82 புதன்

நல்ல வெயில். இலை அசையவில்லை. காலையில் ஜீப்பின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். எங்கேயும் போகாத வண்டிக்குத் தண்ணீர் எதற்கு. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வருகிற திங்கட்கிழமை வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போக வேண்டும். மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்ப்பாராம். ஏட்டையா தோளில் தட்டித்தான் சொன்னார். "சும்மா பேருக்குத்தான்யா. பிரேக்கு, லைட்டு பாப்பாரு. குடிச்சுட்டுத் தானா விழுந்தவனுக்கு நீ என்ன செய்வ?"

பிரேக் பிடிக்கிறது. லைட் எரிகிறது. பின்னால் பம்பர்தான் இல்லை.

செய்ய வேண்டியவை:
1. புது பின் பம்பர். ஞாயிற்றுக்கிழமைக்குள்.
2. உசிலம்பட்டியில் வேண்டாம். ஒவ்வொரு பட்டறையிலும் தெரிந்த முகம்.
3. புதுசு என்று தெரியக் கூடாது.
4. பழைய துண்டு

நாலாவதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அது வைக்கோல் படப்புக்குள் கிடக்கிறது.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதிவிடுகிறேன். ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கோயிலுக்கு ஆள் ஏற்ற வேண்டியிருந்தது. வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று பெயிண்ட் அடித்தேன். பின் பம்பரில், இடது பக்கம், சேஸிஸோடு சேரும் இடத்தில் விரிசல். நகம் நுழையும். உள்ளே துரு. பார்த்தேன். குனிந்து நன்றாகவே பார்த்தேன். திருவிழா முடியட்டும், பற்றவைத்துக்கொள்ளலாம் என்று அதன் மேலேயே பிரஷ்ஷை இழுத்துவிட்டேன். திருவிழா முடிந்தது. மேலும் பத்து நாள் அப்படியே ஓட்டினேன்.

முந்தாநாள் திங்கள் சாயங்காலம் அஞ்சு மணி ட்ரிப். உள்ளே பதினொரு பேர். பின்னால் பம்பரில் நின்றது சோணை மட்டும். கண்மாய்க்கரை வளைவில் ஒரு பள்ளம். அவ்வளவுதான்.

எல்லோரும் ஓடிப் போய்ச் சோணையைத் தூக்கினார்கள். நான் பம்பரில் இருந்து முறிந்து கிடந்த இரண்டடித் துண்டைத் தூக்கி என் சீட்டுக்கு அடியில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. கை நழுவி விழுந்தான் என்றே நினைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வலது பக்கம் தொங்கிய மிச்சத்தையும் கழற்றிவிட்டேன்.

சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரி பஞ்சு மோர் கொடுத்தாள்.


26.8.82 வியாழன்

பஸ்ஸில் மதுரை. பெரியாஸ்பத்திரி. நிற்கக்கூட இடமில்லாத பஸ். வழி முழுக்கப் படியில் தொங்கினவர்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

சோணை கண் திறந்திருக்கிறான். தாடை உடைந்து, தலையோடு சேர்த்துக் கட்டு. பேச முடியாது. இன்னும் ஒன்றரை மாதம் வாயைத் திறக்கவே கூடாதாம். இடது காலிலும் மாவுக்கட்டு. பருத்திக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற உடம்பு, கட்டிலில் பாதிகூட இல்லாத மாதிரி கிடக்கிறது.

அஞ்சு வருஷமாக என் பம்பரில்தான் வருகிறான். சீட் காலியாக இருந்தாலும் உள்ளே வர மாட்டான். "உள்ள புழுங்குது மாப்ள. இங்கன நின்னா கப்பல்ல போற மாதிரி இருக்கு." ஒரு கை மேல் கம்பியில். மறு கையால் தகரத்தில் தட்டுவான். ஒரு தட்டு, நிறுத்து. ரெண்டு தட்டு, போகலாம். சம்பளம் இல்லாத கண்டக்டர் என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

அவன் பெண்டாட்டி ராக்கு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். குழாய் வழியாகக் கஞ்சி விடுகிறாள், துடைக்கிறாள், திருப்பிப் படுக்க வைக்கிறாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"தை மாசம் கருப்பன் கோயில்ல சூடத்த அடிச்சு சத்தியம் பண்ணுனாருண்ணே, இனிமே தொடமாட்டேன்னு. ஏழு மாசம் தொடல. நானும் நம்பித் தொலஞ்சேன். கருப்பன்கிட்டப் பொய் சொன்னா சும்மா விடுவானா? தள்ளி விட்டுட்டான். ஒங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. நீங்க மனசப் போட்டு ஒழப்பாதிய."

அப்போது கட்டில் கம்பியில் ஒரு சத்தம். சோணை விரலால் தட்டினான். ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு தட்டு.

"தண்ணி கேக்குறாரு போல" என்று ராக்கு டம்ளரை எடுத்தாள்.

தண்ணீர் இல்லை. நிறுத்து என்கிறான். அந்த வார்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் குடிக்கவில்லை. அன்றைக்கு உசிலம்பட்டியில் ஏறும்போது என் முகத்துக்கு நேராக நின்று பேசினான். வெற்றிலை வாசம்தான் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிறவர், "தண்ணி போட்டிருந்தாரா?" என்று கேட்டார். பக்கத்தில் ஏட்டையா. நான் சொன்னேன், "லேசா இருக்கும்ங்க." நாலு நொடி ஆகியிருக்கும் சொல்ல. அதுதான் சீட்டில் ஏறி, ஸ்டேஷனுக்குப் போய், ஊர் முழுக்கப் பரவி, இவள் காதுக்கு வந்து நிற்கிறது.

வாழைப்பழம் வாங்கிப் போயிருந்தேன். வாயே திறக்க முடியாதவனுக்கு வாழைப்பழம். என் புத்தி அப்படி.


27.8.82 வெள்ளி

காலையில் தூறல். பிறகு பொய்த்துவிட்டது.

ஜீப்பை எடுத்தேன். ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பரவையில் பழைய இரும்புக்கடை. ஐந்து அங்குல இரும்புச் சேனல், நாலரை அடி நீளம். லாரியில் இருந்து கழற்றினதாம். இரண்டு ஆள் தூக்க வேண்டியிருந்தது. கடைக்காரர், "ஜீப்புக்கா? எம்புட்டுப் பேர நிப்பாட்டப் போறீங்க?" என்று சிரித்தார். காசை எண்ணிக் கொடுத்தேன்.

அங்கிருந்து சமயநல்லூர். இஸ்மாயில் பாய் பட்டறை. முன்பு ஒருதரம் சைலன்சர் பற்றவைத்தது, அவ்வளவு பழக்கம்தான். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாத மனுஷன் என்று நினைவு, அதனால்தான் போனேன்.

சேஸிஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். அரை அங்குலத் தகடு, இரண்டு பக்கமும் பிராக்கெட், பக்கத்துக்கு மூன்று போல்ட், நடுவில் சேனல். இனி யானை நின்றாலும் உடையக் கூடாது என்றேன். இப்போது கேட்கிறேன் இதை.

"பழசு மாதிரி தெரியணும் பாய்."

"புதுசப் பழசாக்குற வேல எனக்குத் தெரியாதுண்ணே. மழையில கெடந்தா தானா ஆகும்."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "பழைய பம்பரு எங்க? அத வச்சுத்தான் ஓட்ட எடுக்கணும். ஒங்க சேஸிஸ்ல ஓட்ட கோணலா இருக்கு. டேப்பு வச்சு அளந்தா தப்பும்."

தொலைந்துவிட்டது என்றேன்.

"அம்புட்டு நீள இரும்பு எங்கண்ணே தொலையும்? தேடிப் பாருங்க. நான் தொழுகைக்குப் போறேன். நாளைக்குக் காலையில கொண்டாங்க, மத்தியானம் கரண்டு போறதுக்குள்ள முடிச்சிரலாம்."

வீட்டுக்கு வந்தால் பஞ்சு கையில் துணி சுற்றியிருக்கிறாள். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது கிழித்துவிட்டதாம்.

"படப்புல என்னமோ இரும்பு கெடக்குங்க."

"பழைய சாமான்."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. மஞ்சள் குழைத்துப் போட்டுவிட்டேன். என் இரும்பு இன்னும் ஆளைக் கிழித்துக்கொண்டுதான் இருக்கிறது.


28.8.82 சனி

துண்டையும் மிச்சத்தையும் சாக்கில் சுற்றிக் கொண்டு போனேன். வைகைப் பாலம் வந்ததும் எறிந்துவிடலாம் என்று வண்டியை மெதுவாக்கினேன். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது, எறியாமலே தாண்டிவிட்டேன்.

பாய் சாக்கைப் பிரித்து இரண்டையும் தரையில் சேர்த்து வைத்தார். சுண்ணாம்புக் கட்டியால் ஓட்டைகளைக் குறித்தார். பிறகு முறிந்த முனையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இங்க பாருங்கண்ணே. இந்தப் பக்கம் துரு. இது ரொம்ப நாளு விரிசல். அந்தப் பக்கம் வெள்ளையா பளபளன்னு இருக்கு, இது போன வாரம் முறிஞ்சது. நடுவுல பாருங்க, துருவுக்கு மேல கறுப்புப் பெயிண்டு உள்ள எறங்கிருக்கு. துருப் பிடிச்சதுக்கு அப்பறம், முறியறதுக்கு முன்னால, எவனோ இத மூடிப் பெயிண்டு அடிச்சிருக்கான். அடிச்சவனுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும் பாய்."

எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. வந்துவிட்டது.

பாய் என்னைப் பார்த்தார். "இதுல ஆளு நின்னுச்சா?"

"ஒருத்தன்."

"இருக்காரா?"

"இருக்கான்."

வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். இரண்டு மணி நேர வேலை. தகடு வெட்டியது, ஓட்டை போட்டது, பற்றவைத்தது, கசடு தட்டியது எல்லாம் வரிசையாக நடந்தது. ஒவ்வொரு பற்றும் எறும்பு போன வரிசை மாதிரி சீராக இருந்தது. நான் சேனலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணிக்குக் கரண்ட் போனது. அதற்குள் ஆறு போல்ட்டும் ஏறிவிட்டது. ரெட் ஆக்சைடு அடிக்கவா என்றார். கறுப்பு அடியுங்கள் என்றேன். டப்பாவையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நானே அடித்தேன்.

கிளம்பும்போது பழைய இரும்பை அவர் கடையிலேயே போட்டுவிடலாம் என்று பார்த்தேன். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது என் கடையில வேணாம்ண்ணே."

ஊருக்குள் வந்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் வந்து பம்பரில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார்கள். "இனிமே எட்டுப் பேரு நிக்கலாம்டா" என்றான் ஒருத்தன். எட்டுப் பேரும் குதித்தாலும் அசையாது, உண்மைதான். இந்த வேலைக்கு அரை நாள்தான் ஆகியிருக்கிறது. அரை நாள்.

பஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸில் வந்தாள். ராக்குவின் அண்ணன் வந்திருக்கிறானாம். நாளை மறுநாள் தங்கச்சியைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போகிறானாம். சோணையை அவன் அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்களாம். அந்தம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது.

"ராக்கு என்ன சொல்லுது?"

"என்னத்தச் சொல்லும்? சாமிகிட்டப் பொய்ச் சத்தியம் பண்ணுன ஆளோட எப்புடி இருக்கதுன்னு கேக்குது. அவரு கட்டில்ல தட்டிக்கிட்டே கெடக்காரு. எதுக்குத் தட்டுறாருன்னு ஒருத்தருக்கும் வெளங்கல."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.


29.8.82 ஞாயிறு

மூடாப்பு. காற்று.

விடிந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தேன். ஆறு போல்ட். பாய் முறுக்கின முறுக்கு, லேசில் வரவில்லை. கழற்றினதும் பம்பர் என் நெஞ்சுக்குப் பக்கத்தில் விழுந்தது. கை விரல் ஒன்று நசுங்கியது. பஞ்சு வந்து மறுமுனையைப் பிடித்தாள். சுவரில் சாத்தி வைத்தோம். அவளிடம் எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் கைக்கட்டைப் பார்த்தாள். "ராக்குகிட்டப் போய்ச் சொல்லுங்க. ஏங்கிட்டச் சொல்லி என்ன?" என்றாள்.

பத்து மணிக்கு வார்டில் இருந்தேன். ராக்கு துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். சாக்கைப் பிரித்துத் துண்டை அவள் மடியில் வைத்தேன். வைத்த பிறகுதான் கனம் தெரிந்து எடுக்கப் போனேன். அவள் விடவில்லை.

"இது என்னண்ணே?"

சொன்னேன். துரு இது, பெயிண்ட் இது, வெள்ளை இது என்று விரலை வைத்துக் காட்டினேன். பெயிண்ட் அடித்தவன் நான். குடித்திருந்தான் என்று சொன்னவனும் நான். அவன் குடிக்கவில்லை. சத்தியத்தை மீறவில்லை. கருப்பன் தள்ளவில்லை. கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் நிறுத்து என்று அர்த்தம், அதையும் சொன்னேன். நாலு நாளாக உன்னை நிறுத்து, நிறுத்து என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ராக்கு முறிந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாள்.

"வாய மோந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். கட்டுன பொண்டாட்டி, ஒரு தடவ குனிஞ்சு மோந்து பாக்கலயே நானு."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீங்க போங்க."

அண்ணே என்று சொல்லவில்லை.

எழுந்தேன். சோணை விழித்துத்தான் இருந்தான். எல்லாம் கேட்டிருப்பான். அவன் கை கம்பி மேல் இருந்தது. தட்டவில்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அழுகையா, தூக்கமா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா, தெரியாது. கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ராக்குவின் குரல். "ஏங்க… இங்க பாருங்க… ஏங்க…" ஆறு நாளைக்குப் பிறகு அவனைக் கூப்பிடுகிறாள்.

துண்டை அவளிடமே விட்டுவிட்டேன் என்பது கீழே வந்த பிறகுதான் உறைத்தது. மறுபடி மேலே போக வேண்டியதாயிற்று. அவள் அண்ணன்காரன் வாசலிலேயே நின்று அதை என் கையில் திணித்தான். சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் தேவலாம்.


30.8.82 திங்கள்

மழை வரும் போல இருக்கிறது. மணி ஏழு.

வண்டி பின்னால் மொட்டையாக நிற்கிறது. ஆறு ஓட்டை மட்டும். துண்டு முன் சீட்டில், சாக்கில். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அதை எடுத்துக் காட்ட வேண்டும். ஏட்டையா இனி தோளில் தட்ட மாட்டார். லைசென்ஸ் போகும். உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். பஞ்சுவிடம் அவள் தம்பியைத் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி ரெண்டு தரம் எழுந்து போய்ச் சாக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

கொஞ்சம் முன்னால் இன்ஜின் சூடாகட்டும் என்று ஸ்டார்ட் பண்ணினேன். கை கியரில். வழக்கம்போலக் காது பின்னால். ரெண்டு தட்டுக்காக உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பஞ்சு வாசலுக்கு வந்து, "கெளம்பலையா?" என்று கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, தட்டுவதற்குப் பின்னால் ஆள் இல்லை.