அம்மாவின் இலையில் என்ன வைப்பது?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி ராஜவேலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் உன் மாமாவும் சுகம். பாரிஸில் நீயும் சுமலதாவும் பிள்ளை அபியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி, என் மகள் பூர்ணிமாவை விட்டுப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். நீயும் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

வருகிற முப்பதாம் தேதியோடு அம்மா போய் ஒரு வருஷம். வருஷப் படையலுக்கு நீ வருவாயா மாட்டாயா என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, அதை விடு. இப்போது வேறு ஒரு சங்கடம். படையல் இலையில் செத்தவர்களுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் அல்லவா? காரியத்தன்று அழுத அழுகையில், சமையல்காரர் ஆக்கியதை அப்படியே எடுத்து வைத்துவிட்டோம். இந்த முறையாவது என் கையால் ஆக்கி வைக்கலாம் என்று அடுப்படியில் போய் நின்றேன். அப்புறம்தான் உறைக்கிறது, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

பாவாடை சித்தப்பாவைக் கேட்டேன். "எங்க அண்ணி ஆக்கிப் போட்டுப் பாத்துருக்கேன், துன்னு பாத்ததில்லியேம்மா" என்கிறார். எண்பத்து நான்கு வயது வரை இதே வீட்டில் நம்மோடு இருந்தவள். ஒருவருக்குமா தெரியாது? உனக்காவது தெரிந்தால் உடனே எழுது.

உன் அக்கா,
சுலோசனா

பாரிஸ்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இதெல்லாம் ஒரு கேள்வியா அக்கா? சுறாப் புட்டு! அம்மா அதை ஆக்கினால் தெருவே மணக்கும். வைத்திக்குப்பத்தில் நல்ல பால்சுறாவாகப் பார்த்து வாங்கு.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. திட்டாதே. நான் இல்லாவிட்டாலும் தெருமுனையில் பெரிய பேனராக வைக்க வேண்டும், செலவு என்னுடையது. வாசகம் நானே யோசித்தேன்: "எங்கள் இல்லத்தின் அணையா விளக்கே! தியாகத்தின் திருவுருவே! தாயே வேம்பு அம்மா!" எப்படி இருக்கிறது?

அன்புத் தம்பி,
ராஜவேல்

முத்தியால்பேட்டை
14 ஆகஸ்ட் 2025

தம்பி ராஜவேலுக்கு,

சுறாப் புட்டு உனக்குப் பிடிக்கும்டா. சட்டியை வழித்து உன் தட்டில் போட்டுவிட்டு, அவள் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வாழைப்பூ வடை என்று நினைத்தேன், யோசித்தால் அது எனக்குப் பிடித்தது. உன் மாமா கருவாட்டுக் குழம்பு என்கிறார், அது அப்பாவுக்கு.

பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் மாறி மாறி வரும். எந்தச் சங்கு ஊதினாலும் சோறு சூடாக இருக்க வேண்டும். மில்லை மூடி அப்பா வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அவள் அடுப்புக்கு லீவு கிடைக்கவில்லை. உன் பரீட்சை, என் பிரசவம், சித்தப்பா குடும்பம் என்று அதுபாட்டுக்கு எரிந்தது. ஊரையெல்லாம் "நீ துன்னியா?" என்று கேட்பாள். அவளைக் கேட்டால், "நான் அப்பவே துன்னுட்டேன்" என்பாள். அந்த "அப்பவே" எப்போது என்று நாம் ஒருநாளும் கேட்கவில்லை.

இதில் விளக்காம், திருவுருவாம்! பெரிய மார்க்கெட்டில் சொத்தைக் கத்திரிக்காயைத் தள்ளிவிடப் பார்த்தவனை நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி கிழித்தவள் நம் அம்மா. உன் வாசகத்தைப் போட மாட்டேன். பெயரும் தேதியும் போதும். அவளுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

சுலோசனா

பாரிஸ்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியாது. போதுமா? ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். அம்மா இங்கே வந்திருந்தபோதும் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்குது" என்றுதான் சொன்னாள் என்று சுமலதா சொல்கிறாள். ஒன்று செய், எல்லாவற்றையும் ஆக்கி வை. ஏதாவது ஒன்று பிடிக்காமலா போகும்? வர முடியாத எனக்கும் வருத்தம் இருக்கிறது அக்கா.

ராஜவேல்

முத்தியால்பேட்டை
1 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே ஆக்கினேன். புட்டு, வடை, கருவாட்டுக் குழம்பு, பாயசம் வரைக்கும். படைத்து முடித்து மாடியில் இலை வைத்துக் காக்காவைக் கூப்பிட்டோம். வரவில்லை. காக்கா வாய் வைக்காமல் நாம் சாப்பிடக் கூடாதே. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சர்க்கரைக்காரரான சித்தப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அதோடு, "என்னமோ கொறை வெச்சுட்டோம்" என்று முணுமுணுப்பு வேறு. எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாரும் உக்காருங்க, பாவம் எனக்கு வரட்டும்" என்று பரிமாறிவிட்டேன். கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு எல்லோருமாக மாடிக்குப் போனால், காக்கா இலையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது.

சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா, எல்லாரும் துன்னப்புறந்தான் எங்க அண்ணி வந்துருக்குது" என்றார். எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "செத்தும் திருந்த மாட்டியாம்மா? இன்னிக்காச்சும் மொதல்ல துன்னா என்னா?" என்று கத்தினேன். அது பறந்துவிட்டது. துணி காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து மாடிக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கீழே வந்ததும் பூர்ணிமா, "நீ துன்னியாம்மா?" என்று கேட்டாள். "நான் அப்பவே துன்னுட்டேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. அவள் காலிச் சட்டியைப் பார்த்தாள். "சரி, ஒனக்கு என்னாதான் புடிக்கும்? சொல்லு, நான் ஆக்குறேன்" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தம்பி. வாழைப்பூ வடை சின்ன வயதில் பிடித்தது. இப்போது என்ன பிடிக்கும்?

இதற்கு நீ நீளமாகப் பதில் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். சுமலதாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று மட்டும் எழுது. அவளைக் கேட்காமல் எழுது.

உன் அக்கா,
சுலோசனா