நகரி மலை உச்சியில் ஒரு விளக்கு

ஆடி, வெள்ளிக்கிழமை.

மகளுக்குத் திருப்பதியில் நர்சிங் சீட் கிடைத்தால், நகரி மலை உச்சியில் என் கையால் விளக்கேற்ற வைப்பதாக மனைவி வேண்டியிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. சீட் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏற வேண்டும். மொட்டை மாடி ஓரத்தில் நின்றாலே எனக்குத் தலை சுற்றும். உச்சியில் பிடித்துக்கொள்ள ஒரு செடிகூடக் கிடையாது.

"ஆடிக் காத்துல விளக்கு நிக்காதே," என்றேன்.

"கண்ணாடிக் கூண்டு வாங்கியாந்துட்டேன்."

விளக்குக்கு வழி செய்தாயிற்று. நான் பறந்துவிட்டால் என்று கேட்டேன்.

"அதுக்கும் வேண்டிக்கினேன். நீ நல்லபடியா எறங்கி வந்தா, வருஷா வருஷம் உன்னியே ஏற வைக்கிறேன்னு சாமிகிட்ட சொல்லிக்கீறேன்."

இந்த வேண்டுதலையாவது சாமி கேட்காமல் விடட்டும் என்று படுத்தபடி நினைத்தேன். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது பிறகுதான் உறைத்தது.