இரண்டு கையையும் தூக்கி

அன்புள்ள குட்டிமா,

உன் வேலைக்கு நடுவே இப்படி ஒரு கடிதத்தை அனுப்பித் தொந்தரவு செய்வதற்கு முதலில் அம்மாவை மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைதானே முகம் பார்த்துப் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்றால் எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், வியாழக்கிழமை வருவார். முதுகு வலிக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்தேன், அதை லாரிக்குத்தான் கட்டியிருக்கிறார் போல, அவர் இடுப்பில் நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை அதிகம், மழைக்கு ஏரித் தண்ணீர் கலங்கிப்போய் எல்லாத் தெருவிலிருந்தும் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிடுகிறார்கள். பின்பக்க அறையில் உட்கார்ந்து சோதித்துவிட்டு முடிவை எழுதி அனுப்பிவிட்டால் போதும், யாரிடமும் பேச வேண்டாம், உனக்குத் தெரியும் எனக்கு அந்த வேலை ஏன் பிடிக்கும் என்று.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ கேட்டாய், துரை எப்படி இருக்கான், கடலைப் பார்த்து என்ன பண்ணினான் என்று. வாலை ஆட்டிக்கிட்டு நல்லா ஓடினான், ரொம்ப சந்தோஷம் அவனுக்கு என்று சொன்னேன். அவன் முகத்தை மட்டும் உனக்குக் காட்டினேன். உடம்பைக் காட்டவில்லை. நீயும் கேட்கவில்லை. அது என்னை இந்த நாலு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னபடி துறைமுக ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன், உன்னிடம் அனுப்ப விமானத்தில் ஏற்ற அந்த டாக்டர் கையெழுத்துத்தான் வேண்டுமாமே. விடிவதற்குள் கிளம்பி ரயிலில் நாய் ஏற்றலாம் என்ற கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தோம். அவன் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு அந்தக் கண்ணாடி முழுக்க எச்சில் பண்ணி வைத்தான், எதிரில் இருந்த அம்மாள் உச்சுக்கொட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, இவ்வளவு திமிரு, திரும்பியே பார்க்க மாட்டேங்குது” என்றார். நமக்கும் அவன் குட்டியாக வந்த புதிதில் அப்படித்தானே தோன்றியது, கூப்பிட்டால் திரும்பாத பெரிய துரை என்று நீ வைத்த பேர்தானே நின்றுவிட்டது, பிறவியிலேயே காது கேட்காது என்று தெரிய நமக்கு எத்தனை மாதம் ஆனது. அந்த அம்மாளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தது, சிரித்துவைத்தேன். டாக்டர் அவனை நன்றாகப் பார்த்தார், பல், கண், இதயம் எல்லாம் பார்த்துவிட்டு தாராளமாகப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் ரயில் ராத்திரிதான் என்பதால் சத்தம் அத்தை வீட்டுக்குப் போனேன். நீ அவளுக்கு அந்தப் பேர் வைத்தது இன்னும் அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் அதையும் சத்தமாகத்தான் கேட்பாள். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறாள், பிரேக் என்று அவள் கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிற கார் நின்றுவிடும் என்று அவள் வீட்டுக்காரர் சொல்கிறார். கதவைத் திறந்ததுமே, “வாடி ஊமைக்குசும்பு, நாய்க்காவது வந்தியே, என்னைப் பார்க்க வரத் தோணுச்சா உனக்கு?” என்று ஆரம்பித்தாள். சாயங்காலம் அவளுடைய குண்டு நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போவாளாம், நாங்களும் போனோம்.

அங்கே அவளோடு தினமும் நடக்கிற பல் டாக்டரம்மா ஒருவர் வந்திருந்தார், அவருடையது உயரமான பழுப்பு நாய், அதன் வார்கூட நம் சோபாவை விட நல்ல தோலில் செய்தது. அவர் மரியாதையானவர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கே படித்தீர்கள், உங்கள் அப்பா என்ன செய்தார் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் கல்லூரிக்குப் போனவள் என்பதைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய வயதில் இன்னும் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். பட்டம் வாங்கக்கூட மேடை ஏறாமல் தபாலில் வரவழைத்தவள் உன் அம்மா. துரைக்குக் காது கேட்காது என்று சத்தம் அத்தை சொன்னதும் அவர், “ஐயோ பாவம், அப்புறம் எப்படிக் கூப்பிடுவீங்க?” என்று கேட்டார். “கையைக் காட்டினா வந்துடுவான்” என்றேன். ஏதோ சுண்டு விரலை அசைத்தால் போதும் என்பது போல. நீ எப்படிக் கூப்பிடுவாய் என்பது எனக்குத் தெரியாதா? இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அகல விரித்து, தவளை மாதிரி குதித்துக்கொண்டே இருப்பாய், மைதானத்தில் விளையாடுகிறவர்கள் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், உனக்கு ஒரு கூச்சமும் இருக்காது. எனக்கு அது வீட்டில் தேவைப்பட்டதில்லை. வாசலில் நின்று காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினால் அவனுக்கு அதிர்வு தெரிந்து எழுந்து வந்துவிடுவான். மணலில் தட்டினால் ஒன்றும் போகாது என்பதை அன்று அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன்.

“அவுத்து விடுடி, கயித்தோடயா பொறந்தான் அவன்? நாலு எட்டு ஓடட்டும்” என்றாள் அத்தை. குதித்துப் பழகாமல் வெளியில் அவிழ்க்காதே என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். பல் டாக்டரம்மாவின் நாய் வாரில்லாமல் அடக்கமாகப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவிழ்த்துவிட்டேன். அவன் ஓடிய அழகைச் சொல்ல வேண்டும், அந்த ஒரு விஷயத்தில் நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. அலை பின்வாங்கினால் துரத்துவான், திரும்பி வந்தால் இவன் பின்வாங்குவான். அப்படியே தூரமாகப் போய்விட்டான். அங்கே ஒரு குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தது. இப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. நான் ஒரு கையைத் தோள் அளவுக்குத் தூக்கினேன், வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்பது போல. அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஒரு குழந்தையின் தட்டிலிருந்து ஏதோ ஒன்றைக் கவ்விக்கொண்டான். குழந்தை அலறியது. அதன் அப்பா எழுந்து நின்று, “யார் நாய்ங்க இது? அறிவில்லையா, அவுத்து விட்டுட்டு வேடிக்கை பார்க்கிறீங்க?” என்று கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் என்னைத்தான் நேராகப் பார்த்து, “உங்க நாயா?” என்றார். குட்டிமா, நான் தெரியாது என்றேன். என் கையில் அவனுடைய வார் இருந்தது, அதைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். பல் டாக்டரம்மா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சத்தம் அத்தை, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒன்றும் பேசவில்லை. யார் நாயும் இல்லை என்று ஆனதும் அந்த மனிதர் செருப்பைக் கழற்றி வீசினார். பின்தொடையில் பட்டது. அவனுக்குத்தான் ஒன்றும் கேட்காதே, எங்கிருந்து வந்தது, யார் அடித்தது என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றினான், என் பக்கம் பார்த்தான். நான் அசையாமல் நின்றேன். ஓடிவிட்டான்.

அதன் பிறகு நாங்கள் அலைந்ததை எழுதினால் தாள் போதாது. அத்தை கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு “துரை, டேய் துரை” என்று கத்தினாள், காது கேட்காத நாயை அவ்வளவு சத்தமாகக் கூப்பிட அவளால்தான் முடியும். எனக்கு அதற்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவழியாக அலை தடுக்கும் பாறைகளின் கடைசி முனையில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. யாராவது கிட்டே போனால் இன்னும் விளிம்புக்குப் போனான், செருப்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவனுக்கு எப்படித் தெரியும். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, “உன் பொண்ணு என்னமோ பண்ணுவாளே, அதைப் பண்ணு. நான் கத்திப் பார்த்துட்டேன், என்னை அவன் மதிக்கலை” என்றாள். கூட்டம் கூடியிருந்தது, அந்தக் குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் நின்றது. நான் கைப்பையை அவளிடம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். ஒரு தடவை விழுந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், யாரோ போனைக் கூடத் தூக்கினார்கள், நான் குதித்துக்கொண்டே இருந்தேன். அவன் தலையைத் திருப்பினான்.

வந்தான். ஆனால் பத்தடி தள்ளி நின்றுவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தான், அவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று. விரலை விரித்துக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் கிட்டே வந்து தலையை என் மடியில் வைத்தான். அந்தப் பத்தடிதான் எனக்கு இன்னும் கண்ணை மூடினால் வருகிறது.

அந்த மனிதரிடம் போய், எங்க நாய்தாங்க, பொய் சொல்லிட்டேன் என்றேன், குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்கு முந்தி அவருடைய மனைவிதான், “அது நீங்க குதிச்சப்பவே தெரிஞ்சு போச்சுங்க” என்றார். அத்தை ரயிலடி வரை வந்தாள். வண்டி நகரும்போது ஜன்னலில் கையை வைத்து, “சரி விடு, இப்பவாவது குதிச்சியே” என்றாள். அதுவும் மெதுவாகத்தான் சொன்னாள், அதனால் எனக்கு இன்னும் அழுகை வந்தது. அவன் தொடையில் ரத்தக்கட்டு இருக்கிறது, நம் தெரு டாக்டர் எலும்புக்கு ஒன்றுமில்லை என்று மருந்து தந்திருக்கிறார், நொண்டுவது குறைந்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறான். அப்பாவிடம் சொன்னேன். “புள்ளைகிட்ட நீயே சொல்லிடு, நான் சொன்னா நல்லாயிருக்காது” என்றார். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், திட்ட வேண்டும் என்றால் திட்டு, போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. கண் பரிசோதனையை மறுபடியும் தள்ளிப்போட்டிருக்கிறாய் என்று தெரியும், இந்த மாதம் போய்விடு. நீ நினைக்கிற காரியமெல்லாம் கைகூடி, எந்தக் கூட்டத்திலும் தலை குனியாமல், இன்றைக்கு இருப்பது போலவே எப்போதும் கூச்சமில்லாமல் இரு, அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம்.

என்றும் உன்,
அம்மா

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகும் உறையை ஒட்டாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துரைக்காகவே நீ சிறிய தோட்டத்தோடு வீடு பார்த்ததும், அவனுக்கு மெத்தை வாங்கிப் போட்டு ஜன்னல் ஓரம் படம் எடுத்து அனுப்பியதும் எனக்குத் தெரியும். அந்த டாக்டர் விமானப் பயணம் அவனுக்கு ஆகாது என்று சொன்னதாக எழுதினால் நீ உடனே ஒத்துக்கொள்வாய். அவர் அப்படிச் சொல்லவில்லை, போகலாம் என்றுதான் சொன்னார். அவனுடைய நல்லதுக்காகக் கேட்கிறேன் என்றும் சொல்ல முடியாது, அவன் என்னுடையவன் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதவள் நான். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து வாசலில் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே நுழைந்ததும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவனிடம்தான் சொல்கிறேன், அவனுக்குக் கேட்காது என்பதால் எனக்குக் கூச்சம் வருவதில்லை, நீ போன பிறகு இந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசுவது அப்போது மட்டும்தான். இப்போது தினமும் காலையில் மொட்டை மாடியில் குதித்துப் பழகுகிறேன், எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். அவனை என்னிடமே விட்டுவிடுகிறாயா?