சிவப்பு நூல் கட்டிய செடிகள்

ஆபர்டீன்,
9 பிப்ரவரி 1983

மோராக்,

இங்கே நலம். அங்கே பிள்ளைகளும் நலம் என்று நினைக்கிறேன். ரஸ்மி இன்னமும் கழுத்துப் பட்டையைத் திறந்து போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறானா? என் தம்பிக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் புத்தி வரும் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் எப்போதும் வீடு மகனுக்கு, கல்சுவர் சுற்றிய கீரைத் தோட்டம் மகளுக்கு என்பது உனக்குத் தெரியும். அம்மா எனக்குக் கொடுத்ததை நான் இங்கே குடிவந்தபோது உன் பொறுப்பில் விட்டேன். நான் வைத்துவிட்டு வந்த ஜாடி விதையும் தீர்ந்துவிட்டதாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தாய். அது நம் வீட்டு கேல் கீரை விதை. எந்தக் கடையிலும் கிடைக்காது. பக்கத்து வீட்டு லீபியும் எழுதியிருக்கிறாள். உன் தோட்டத்தில் களைதான் செழிப்பாக இருக்கிறதாம். தோட்டத்தைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்கிறாள். லீபி என் சித்தப்பா மகள். கையில் பின்னல் ஊசி இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. நீயோ கிளாஸ்கோவில் பிறந்தவள். அது உன் குற்றம் இல்லை.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். வரும் ஆகஸ்ட் கண்காட்சியில் உன் கைப்பின்னலுக்கு ஏதாவது ஒரு பரிசு அட்டை. செப்டம்பர் முடிவதற்குள் நம் கேலின் விதை ஒரு டீக்கோப்பை நிறைய. இரண்டும் நடந்தால் தோட்டம் உனக்கு. இல்லாவிட்டால் லீபிக்கு.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

ஆஸ்லா


ஹாம்ஸ்விக், ஷெட்லாந்து,
20 பிப்ரவரி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு கையில் கைக்குழந்தை, இன்னொரு கையில் கரண்டி. பல்லால் உறையைக் கிழித்தேன். படித்து முடிப்பதற்குள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கணக்கையும் உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

களை உண்மைதான். உங்கள் தம்பி மாதத்தில் பாதி நாள் கடலில் இருக்கிறார். ரோனாவுக்குப் பள்ளிக்கூடம், இரட்டையர்களுக்கு மாறி மாறிச் சளி, கைக்குழந்தைக்குப் பல். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது அண்ணி, மறைக்க மாட்டேன். பன்னிரண்டு வருடமாக இந்த மண்ணைத்தான் கொத்துகிறேன். கடையில் இன்னமும் என்னைக் காட்டி, "ரஸ்மியோட தெற்கத்திக்காரி" என்றுதான் சொல்கிறார்கள். தோட்டமும் லீபியிடம் போய்விட்டால் நான் இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவள் மாதிரி ஆகிவிடுவேன்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். குளிரைத் தாண்டிய செடிகளில் நான்கு நல்லதை விதைக்கு விடும் தாய்ச்செடியாகத் தேர்ந்து, தண்டில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். இந்த வசந்தத்தில் அவை பூக்கும். பின்னலையும் தொடங்கிவிட்டேன். முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர். லீபி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "குழாயாப் பின்னி நடுவுல வெட்டணும்டீ. உனக்கு அதுக்குத் தைரியம் இருக்கா?" என்றாள். "இருக்கு" என்றேன். இல்லை அண்ணி. ஆனால் ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
மோராக்


ஹாம்ஸ்விக்,
27 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

இதை வேறு யாராவது எழுதி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி தாய்ச்செடிகளைச் சமைத்துவிட்டார்.

நான் இரட்டையர்களை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு லெர்விக் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் உப்புக்கண்ட சூப்பு வாசனை. பெருமை பொங்க என் முன்னால் ஒரு கிண்ணம் வைத்தார். கீரை அவ்வளவு இளசு! பாதி குடித்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது.

"எந்தச் செடியில வெட்டின?"

"நீ அடையாளம் வச்சதுலதான்."

"அடையாளம் வச்சது வெட்டாம இருக்கறதுக்குடா பாவி!"

"நல்லா இருக்கே! ஒரு மாசமா மடியில வச்சிருக்கியே அந்தக் குழாய், அதுல சிவப்பு நூல் எதுக்கு ஓட்டியிருக்க? வெட்டறதுக்குத்தானே? நீதான சொன்ன, சிவப்பு நூல் இருக்கற எடத்துல கத்திரி வைக்கணும்னு?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வெட்ட வேண்டிய கோடு தெரிவதற்காக என் பின்னலின் நடுவில் நான் ஓட்டியிருப்பதும் அதே உருண்டையின் நூல்தான். சூப்புக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு மீதியையும் குடித்தேன். மூன்று தாய்ச்செடி போட்ட சூப்பை யாராவது கீழே கொட்டுவார்களா?

நான்காவது தப்பித்துவிட்டது. வடக்கு மூலையில் கோணலாக நின்றதால் அது அவர் கண்ணில் படவில்லை. நான்கில் அதுதான் நோஞ்சான். வேண்டாமென்று நினைத்து, போனால் போகிறதென்று நூல் கட்டிய செடி. இப்போது தினமும் காலையில் முதலில் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை எழுப்புகிறேன்.

மோராக்


ஆபர்டீன்,
6 ஏப்ரல்

மோராக்,

உன் கடிதத்தை என் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கேல் ஒற்றைச் செடியாகப் பூத்தால் காய் பிடிக்காது. துணைக்கு இன்னொரு செடியாவது அருகில் பூக்க வேண்டும். அம்மா குறைந்தது மூன்று விடுவார். இது தெரியாமல் நீ அந்த நோஞ்சானைத் தாலாட்டிக்கொண்டிருக்கிறாய். உன்னைக் கஷ்டப்படுத்த இதைச் சொல்லவில்லை. தோட்டத்தை லீபியிடம் நல்லபடியாகக் கொடுத்துவிடு. நானே அவளுக்கு எழுதட்டுமா?

ரஸ்மியிடம் சொல், அவனை நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

ஆஸ்லா


ஹாம்ஸ்விக்,
2 ஜூலை

அன்புள்ள அண்ணிக்கு,

லீபிக்கு எதுவும் எழுதாதீர்கள். அவள் தோட்டத்திலும் தாய்ச்செடிகள் பூத்தன, நம் சுவரை ஒட்டியே. அவையும் உங்கள் அம்மா கொடுத்த விதையில் வந்தவைதானே? மே மாதம் முழுக்கக் குண்டு வண்டுகள் அந்தச் சுவருக்கு மேலே போவதும் வருவதுமாக இருந்தன. அவற்றுக்கு நம் பேச்சுவார்த்தை எதுவும் தெரியாது போலிருக்கிறது. நம் நோஞ்சான் என் தோள் உயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய் பிடித்துவிட்டது. இத்தனை நாள் நான் எழுதாததற்கு இதுதான் காரணம். வாயைத் திறந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன்.

ஆகத்தான் பார்த்தது. போன செவ்வாய்க்கிழமை புயல். ஜூனில் அப்படி ஒரு காற்று வந்ததாக இங்கே யாருக்கும் நினைவில்லை. கடல் தண்ணீர் சுவரைத் தாண்டி உப்பாக இறங்கியது. ஜன்னலில் நின்று பார்க்கிறேன், செடி தரையைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. சாக்கைப் போர்த்தினேன், பறந்து லீபியின் வேலியில் மாட்டிக்கொண்டது. மீன்வலையைப் போட்டேன், அது உப்பைத் தடுக்கவில்லை. உங்கள் தம்பி துறைமுகத்தில் படகைக் கட்டப் போயிருந்தார். ரோனாதான் கத்தினாள்: "அம்மா, அதுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டு விடேன்!"

அடுப்படியில் என் பின்னல் இருந்தது. வெட்டாத குழாய். தோள்வரை முடிந்திருந்தது. நான்கு மாதமாகப் பால் கொடுத்துக்கொண்டும், உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டும், இடுப்பில் கட்டும் பின்னல் பெல்ட்டில் ஊசியைச் செருகி நடந்துகொண்டும் பின்னியது. ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தோட்டம் வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொடுத்தால் என்ன மிச்சம்? ஆனால் பின்னலைத் திரும்பப் பின்னலாம். செடியைத் திரும்பப் பின்ன முடியாது.

ஊசிகளை உருவிவிட்டுக் கண்ணிகளை நூலில் கோத்தேன். ரோனா செடியைப் பிடித்துக்கொள்ள, குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல மேலிருந்து இறக்கினேன். நான்கு பக்கமும் துடுப்புகளை நட்டுக் கட்டினேன். இரண்டு நாள் அந்த ஸ்வெட்டருக்குள் செடி நின்றது. கம்பளி காற்றை விட்டது, உப்பைப் பிடித்துக்கொண்டது.

கழற்றிப் பார்த்தேன். ஒரு கிளை முறிந்திருக்கிறது, அவ்வளவுதான். காய்கள் எல்லாம் பச்சையாக, முழுசாக இருக்கின்றன அண்ணி! சேற்றில் நின்று கத்தினேன். லீபி வெளியே வந்து பார்த்தாள். அவள் செடிகள் எல்லாம் உப்பில் கருகிப் படுத்துவிட்டன.

ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்காதீர்கள். அது ஒரு பசு மாட்டுக்குச் சரியாக இருக்கும்.

மோராக்


ஹாம்ஸ்விக்,
25 செப்டம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். அடுப்பில் கஞ்சி எதுவும் வேண்டாம்.

பசு மாட்டு ஸ்வெட்டரை நான்கு தண்ணீரில் அலசி, ஸ்வெட்டர் உலர்த்தும் மரச்சட்டத்தில் மாட்டி வைத்தேன். நம் ஆட்டுக் கம்பளிக்கு எப்படித்தான் பழைய அளவு ஞாபகம் வருமோ! அப்படியே சுருங்கி இடத்துக்கு வந்துவிட்டது. அதுவரை கோணல்மாணலாக இருந்த என் கண்ணிகள்கூட நேராக உட்கார்ந்திருந்தன. உள்பக்கம் மட்டும் காய்கள் உரசிய இடமெல்லாம் பச்சைக் கறை. என்ன செய்தும் போகவில்லை.

அப்புறம் வெட்டு. மேசைமேல் விரித்தேன். நடுவில் சிவப்பு நூல். கத்திரிக்கோலை உங்கள் தம்பியிடம் நீட்டி, "இப்ப வெட்டு, இதுதான் வெட்டற நூல்" என்றேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இந்த வீட்டுல இனிமே நான் எதையும் வெட்ட மாட்டேன்" என்றார். பிள்ளைகள் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புயலில் பிழைத்தது என் கையிலா சாகப்போகிறது என்று சொல்லிக்கொண்டு, கீழிருந்து கழுத்துவரை ஒரே வெட்டாக வெட்டினேன். ஒரு கண்ணிகூட அவிழவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அட்டையே வேண்டியதில்லை. கை வைத்து, பட்டி பின்னி, பொத்தான் தைத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன்.

அட்டையும் வந்தது. முதல் பரிசு மேற்குப் பக்கத்து அம்மா ஒருத்திக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவது லீபிக்கு. மேலே உள்ள வரியை இன்னொரு தரம் படித்துக்கொள்ளுங்கள், நான் தினமும் படிக்கிறேன். நடுவர் அம்மாள் ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சை என்ன சாயம்? நான் பார்த்ததில்லையே" என்று கேட்டாராம். யாருக்கும் பதில் தெரியவில்லையாம். தீர்ப்பு முடிந்து எங்களை உள்ளே விட்டதும் உங்கள் தம்பி மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அது சாயமில்லை. எங்க வீட்டு கேல்!"

போன வாரம் காய்கள் காய்ந்தன. ரோனாவும் இரட்டையர்களும் தலையணை உறையில் போட்டு மிதித்தார்கள். டீக்கோப்பை நிறைந்து, சாசரிலும் வழிந்தது.

இன்னொன்று. நேற்றுச் சாயங்காலம் லீபி வந்தாள். சுவரிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை, வாசல் வழியாக வந்தாள். கையில் வெண்ணெய் கேக். "போன வருஷத்து விதையை எலி தின்னுடுச்சு மோராக். இந்த வருஷம் ஒண்ணுமே மிஞ்சல. ஒரு பிடி குடுப்பியா?" என்றாள். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு பிடி கொடுத்தேன். பாதி அவள் செடிகளின் மகரந்தம்தானே. போகும்போது, கடையில் யாரோ கேட்டதற்கு "ரஸ்மி வீட்டு கேல்காரிகிட்ட வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு நான் ஆடினேன் அண்ணி. கைக்குழந்தையும் ஆடினாள்.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். மடித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
மோராக்


ஆபர்டீன்,
8 அக்டோபர்

என் அன்புள்ள மோராக்,

அட்டையை மடிக்கவில்லை. இரண்டு அட்டைப்பலகைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அதற்கு முன் இங்கே எங்கள் தெரு முழுக்கக் காட்டிவிட்டேன். "யாரு பின்னினது?" என்று கேட்டவர்களிடம், "என் தம்பி பொண்டாட்டி. ஹாம்ஸ்விக்காரி" என்று சொன்னேன்.

தோட்டம் உனக்கு. பத்திரம் எதுவும் இல்லை, அம்மா எனக்குச் சொன்ன மாதிரி நானும் சொல்கிறேன், அவ்வளவுதான். அம்மா இருந்திருந்தால் செடிக்கு ஸ்வெட்டர் போட்டவளை முதலில் திட்டியிருப்பார். பிறகு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

இப்போது கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கேட்கிறேன். என் கணவருக்கு ஜனவரியோடு வேலை முடிகிறது. வசந்தத்தில் ஹாம்ஸ்விக்குக்கே வந்துவிடுகிறோம், பழைய படகுக் கொட்டகைக்குப் பக்கத்து வீடு காலியாக இருக்கிறதாம். அங்கே நாலடி மண்ணாவது இருக்கும். எனக்கும் கொஞ்சம் விதை தருவாயா?

உன்,
ஆஸ்லா


ஹாம்ஸ்விக்,
17 அக்டோபர்

அன்புள்ள அண்ணிக்கு,

வாருங்கள், சீக்கிரம் வாருங்கள். பிள்ளைகள் இப்போதே அத்தை வருகிறாள் என்று குதிக்கிறார்கள். அந்த வீட்டின் புகைபோக்கியை உங்கள் தம்பி நாளைக்குப் போய்ச் சுத்தம் செய்கிறார். நீங்கள் அவரை நேரில் பார்த்துக்கொள்வதாக எழுதியதை ஞாபகப்படுத்தினேன். வேகமாகச் செய்கிறார்.

விதையைத் தபாலில் அனுப்ப மாட்டேன். அடுப்புக்கு மேல்தட்டில் ஒரு டீக்கோப்பை உங்கள் பெயரில் இருக்கிறது, மூடி போட்டு, சிவப்பு நூல் கட்டி. வந்து உங்கள் கையாலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இப்படி வைத்துக்கொள்வோம் அண்ணி. வரும் ஆகஸ்ட் கண்காட்சியில் உங்கள் கைப்பின்னலுக்கு ஏதாவது ஒரு பரிசு அட்டை. அதற்கு அடுத்த வருடம் செப்டம்பருக்குள் நம் கேலின் விதை ஒரு டீக்கோப்பை நிறைய. இல்லாவிட்டால் உங்கள் நாலடி மண் லீபிக்கு.

காத்திருக்கும்,
ஹாம்ஸ்விக் மோராக்