வைரவர் பங்குக்கு உருண்ட தேங்காய்

மச்சான்,

குளக்கட்டு வைரவர் சாட்சியாகச் சொல்கிறேன்: இந்த மடலில் வரப்போகும் கதையை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பத் தேவையில்லை. நீ அதற்குள் நின்றவன்.

இன்று காலை சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் துருசுக் கதவைத் திறந்துவிட்டார்கள். காய்ந்து வெடித்த வாய்க்காலுக்குள் முதல் தண்ணீர் இறங்கும்போது ஒரு மணம் எழும்புமே, அது குசினி யன்னலால் வந்து என்னைக் கதிரையோடு தூக்கி அறுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டது. மருமகள் தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது கதிரையில் என் சட்டை மட்டும்தான் இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் ஆளுக்கொரு காணி பெற்ற காலம் அது. உனக்கு அப்போது எட்டடி உயரம். நீ தும்மினால் கொட்டில் கூரைகள் பறக்கும். முதலாம் வருஷச் சிறுபோகத்தில், பக்கத்துக் காணிக்காரன் தங்கச்சியின் கலியாணத்துக்கென்று ஊருக்குப் போய், விருந்து ருசியில் இரண்டு மாதம் தங்கிவிட்டான். அவன் வயல் தண்ணீரில்லாமல் காய்ந்தது. மற்ற எல்லோருக்கும் யானை முதுகு மறைகிற விளைச்சல். காரணம் வெளிப்படைதான். அவன் குடிக்காத தண்ணீரை எங்கள் வயல்கள் குடித்தன.

தேத்தண்ணீர்க் கடையில் சின்னத்தம்பி அம்மான் அதிசயப்பட்டார். எங்கள் திட்டத்துக்கு வயதில் மூத்தவரும் குரலில் பெரியவரும் அவர்தான்.

"இதென்னடா புதினம்? ஒரு வயல் காய, மிச்சம் எல்லாம் இப்பிடி விளைஞ்சு கிடக்கு?"

என் வாய் சும்மா கிடக்குமா?

"வைரவர் தன்ரை பங்கை எடுத்திட்டார் அம்மான். ஒரு வயல் அவருக்கு எண்டு காய விட்டால், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்ளுவார்."

நீ தேத்தண்ணீர் புரைக்கேறிச் சிரித்தாய். அம்மான் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் தண்ணீர் திறக்கிற நாளில் குளக்கட்டுக்குக் கற்பூரத்தோடு வந்தார். அதற்கடுத்த வருஷம் தேங்காய். குளக்கட்டின் மேல் நின்று தேங்காயை உருட்டுவது. அது எவருடைய வாய்க்கால் வாசலில் போய் நிற்கிறதோ, அவருடைய வயலுக்கு அந்தப் போகம் தண்ணீர் இல்லை. ஆறாம் வருஷம் அம்மான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், "இது எங்கட பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்." பூட்டன் காலத்தில் அந்த இடத்தில் குடியிருந்தவை யானையும் கரடியும். எங்கள் பூட்டன்மார் யாழ்ப்பாணத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எல்லோரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினோம். என் தலைதான் முதலில் ஆடியது.

அந்த ஆறாம் வருஷத் தேங்காய் ஒரு பூசணிக்காய் பருமன். அது இடியைப் போல உருண்டு, மூன்று பேரைத் துரத்தி, ஒரு மாட்டைச் சுற்றிவந்து, பாக்கியக்காவின் வாய்க்கால் வாசலில் நின்றது. போன மாரியில் புருஷனைப் பாம்புக்குக் கொடுத்தவா. நான்கு பிள்ளைகள். மழைக்காலக் காலபோக நெல்லில் மிச்சம் ஒரு சாக்குக்கும் குறைவு. இந்தப் போகம் விளையாவிட்டால் பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் வேலைக்கு விடவேண்டியதுதான் என்று முதல் நாள்தான் உன் மனுசியிடம் சொல்லியிருந்தா. கட்டின் கீழே நின்றவா தேங்காயைப் பார்த்தா. பிறகு எங்களைப் பார்த்தா. எங்களிடம் என்ன கேட்பா? அவாவும் முந்தின வருஷங்களில் எங்களோடு நின்று அரோகரா சொன்னவாதானே.

நீ வாயைத் திறந்தாய்.

"அம்மான், ஒண்டு கேக்கிறன். உருண்டு மேட்டுக்கு ஏறின தேங்காயை ஆராவது கண்டிருக்கிறீங்களோ?"

அப்போதுதான் எல்லோருடைய கண்ணும் மேட்டுப் பக்கம் போனது. அம்மானின் காணி அங்கேதான் இருந்தது.

"வழக்கத்தில கை வைக்காதை தம்பி," என்றார் அவர். "வைரவர் கேட்டது."

"எப்ப கேட்டவர்? ஆரிட்டைக் கேட்டவர்?"

"முந்தையர் சொன்னது!"

நீ என்னைப் பார்த்தாய். நான் வானத்தில் ஒரு கொக்கைப் பார்த்தேன். கொக்கு இருக்கவில்லை. இவன் பகிடிக்குச் சொன்னது என்று நீ ஒரு விரலை நீட்டியிருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். நீ நீட்டவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டால் இறங்கினாய், தேங்காயைக் காலால் ஒதுக்கினாய், பாக்கியக்காவின் வாய்க்கால் வாசலை அடைத்திருந்த மண்ணை மூன்றே வெட்டில் எடுத்தாய். தண்ணீர் பாம்பு போல நெளிந்து உள்ளே போனது. பாக்கியக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

அந்தப் போகம் உன் வயல் அறுப்புக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. சலவைக்காரர்கூட உன் வீட்டுப் படலைக்குள் வராமல் தாண்டிப் போனார். நீ, உன் மனுசி, பாக்கியக்கா மூன்று பேருமாக இரண்டு வயலையும் பன்னிரண்டு நாள் அறுத்தீர்கள். எல்லோருக்கும் விளைச்சல் எப்போதும் போலத்தான். வைரவர் கோபித்த மாதிரித் தெரியவில்லை. அடுத்த வருஷம் தேங்காய் உருளவில்லை. நிறுத்துவோம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஒருநாளும் உருட்டாதவர்கள் போல எல்லோரும் துருசடியில் நின்றார்கள், அம்மான் உட்பட.

வெகு காலத்துக்குப் பிறகு உன்னிடம் கேட்டேன், ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று.

"காட்டியிருந்தா, உன்னை நம்பிறதை விட்டிட்டு என்னை நம்பத் தொடங்கியிருப்பாங்கள், மச்சான். அதுவும் அதே நோய்தான். தங்கட கண்ணால பாக்கட்டும் எண்டு விட்டனான்."

இப்படி ஒரு மனிசனை நான் பிறகு காணவில்லை. உன் செத்தவீட்டில் பாக்கியக்காவின் நான்கு பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். அன்று நான் ஒரு கதையும் அளக்கவில்லை. எனக்கே அது பெரிய புதினம்.

தேங்காய் பூசணிக்காய் பருமன் இல்லை. உனக்கு எட்டடியும் இல்லை, என் தோளளவுதான். மாட்டை அது சுற்றவும் இல்லை. ஆனால் நான் சொல்லாமல் விட்ட ஒரு சின்ன விஷயம் உண்மை. கட்டால் இறங்கும்போது பாதியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாய். எனக்காகத்தான் நின்றாய். உன் பின்னால் இறங்க நான் வலது காலைத் தூக்கினேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். வேறு ஒரு காலும் எழும்பவில்லை. தூக்கின காலைத் தூக்கின இடத்திலேயே வைத்துவிட்டேன்.